யோகிச் உட்காரும் அந்த 11 நிமிடம்: நகெட்ஸ் இந்த முறை தேறுமா?

பதினைந்தாம்எண் எழுதியது:

2025-26 சீசன் தொடங்க இரண்டு வாரம்தான் இருக்கிறது. என்பிஏ கூடைப்பந்து லீக்கின் டென்வர் நகெட்ஸ் அணி பற்றி மட்டும் பேச ஓர் இழை கேட்டீர்கள், இதோ. யார் எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்), யார் எக்காலத்துக்கும் பெரியவர் என்ற சண்டைக்கு வேறு இடம் இருக்கிறது, அதை இங்கே இழுத்து வராதீர்கள்.

என் கவலை ஒன்றே ஒன்று. போன சீசனில் நம் சென்டர் (கூடைக்கு அருகில் ஆடும் பெரிய ஆள்) நிகோலா யோகிச் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 36.7 நிமிடம் ஆடினார். ஆட்டம் 48 நிமிடம். மீதி 11 நிமிடத்தில் என்ன நடந்தது என்பது பார்த்த எல்லோருக்கும் தெரியும். 12 புள்ளி முன்னிலையோடு அவர் போய் உட்காருவார். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகியிருக்கும். 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட் (தவறிய வீச்சைப் பிடிப்பது), 10.2 அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவகுக்கும் பாஸ்). மூன்றும் பத்துக்கு மேல், சீசன் முழுக்க ட்ரிபிள் டபுள் சராசரி. ஆஸ்கர் ராபர்ட்சன், வெஸ்ட்புரூக் இருவருக்கு அப்புறம் இதைச் செய்தவர் இவர் மட்டும்தான். அப்படிப்பட்ட ஆள் இருந்தும் 50 வெற்றி, மேற்கில் நான்காம் இடம். இதற்கு முதல் காரணம் அந்த 11 நிமிடம் என்பது என் கட்சி.

இது நேற்று வந்த நோய் இல்லை. டிமார்கஸ் கசின்ஸ், டிஆண்ட்ரே ஜோர்டன், டாரியோ சாரிச் என்று வருடத்துக்கு ஒரு மாற்று சென்டரை வைத்து வைத்தியம் பார்த்தார்கள். 2024 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) எடுத்த டரோன் ஹோம்ஸ் கோடை லீக்கிலேயே குதிகால் தசைநார் அறுந்து முழு சீசனும் வெளியே. ப்ளேஆஃபில் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் தொடர்கள்) வேறு வழியில்லாமல் ஆரன் கோர்டனையே சென்டராக நிறுத்துவார்கள்.

என் பார்வையில், நிர்வாகம் இத்தனை வருடமும் கேட்ட கேள்வியே தப்பு. "யோகிச் செய்வதில் பாதியைச் செய்ய யார் இருக்கிறார்கள்?" என்று தேடினார்கள். அப்படி ஒருவர் உலகத்திலேயே இல்லை. அவர் எல்போவில் (ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில்) பந்தோடு நிற்பார், மற்ற நான்கு பேரும் வெட்டி வெட்டி ஓடுவார்கள், சரியான நொடியில் பந்து கையில் வந்து விழும். அவர் உட்கார்ந்த பிறகும் அதே ஓட்டம் ஓடுகிறார்கள், பந்துதான் வருவதில்லை. அந்த 11 நிமிடத்துக்கு வேறு ஆட்டம் ஆட வேண்டும். மாற்று சென்டராக யோனாஸ் வலஞ்சூனஸ் வந்திருப்பது அதற்குத்தான் என்று நம்புகிறேன். கனமான ஸ்கிரீன் (தடுப்பவர் வழியை உடம்பால் மறிப்பது), கார்டு ஜமால் மரேயோடு பிக் அண்ட் ரோல் (ஸ்கிரீன் போட்டுவிட்டுக் கூடைக்கு ஓடுவது), தவறிய பந்தைப் பறித்துத் திரும்பப் போடுவது. அழகு இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சரி, தொடங்குங்கள்.

மலைக்காற்று எழுதியது:

அண்ணே, கோப்பை வாங்கிய 2023-க்குப் பிறகு இவ்வளவு நல்ல பெஞ்ச் (மாற்று ஆட்டக்காரர்கள்) நமக்கு அமைந்ததே இல்லை! வலஞ்சூனஸ், டிம் ஹார்டவே, புரூஸ் பிரவுன் மூவரும் ஒரே கோடையில். புரூஸ் திரும்பி வந்ததைப் பார்த்து நான் உண்மையிலேயே கண் கலங்கினேன். மயாமிக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் தவறிய பந்தை எடுத்துத் திரும்பப் போட்டாரே, மறக்க முடியுமா?

ஒரு வேண்டுகோள். கிறிஸ்டியன் பிரவுனும் புரூஸ் பிரவுனும் தமிழில் ஒரே மாதிரி எழுதப்படுவதால் போன முறை இந்த மன்றத்தில் இரண்டு பக்கம் வீணாகச் சண்டை நடந்தது. சின்னவரைச் "சின்ன பிரவுன்" என்றும் மற்றவரைப் "புரூஸ்" என்றும் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பெஞ்ச் எப்படி வந்தது என்று யாரும் சொல்ல மாட்டீர்கள், நான் சொல்கிறேன். எல்லாம் மைக்கேல் போர்ட்டரைப் புரூக்ளின் அணிக்கு விற்ற காசு.

போர்ட்டரின் இந்த வருடச் சம்பளம் சுமார் 3.8 கோடி டாலர். புரூக்ளினிலிருந்து வந்த கேமரன் ஜான்சனுக்குச் சுமார் 2.1 கோடி. வித்தியாசம் 1.7 கோடி. விலையாக 2032-ஆம் ஆண்டு முதல் சுற்று டிராஃப்ட் உரிமையை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் (எவ்வளவு முன்னால் விழுந்தாலும் அவர்களுக்கே) கொடுத்திருக்கிறோம். 2032-இல் யோகிச்சுக்கு 37 வயது. அந்த உரிமை எவ்வளவு உயரத்தில் விழும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் அது 2032-இன் பிரச்சினை.

அந்த இடைவெளி கிடைத்ததால்தான் சாரிச்சைக் கொடுத்து அவரைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு சம்பளம் வாங்கும் வலஞ்சூனஸை சாக்ரமென்டோவிலிருந்து எடுக்க முடிந்தது. ஹார்டவேயும் புரூஸும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வந்தவர்கள். இந்த வருடச் சம்பள உச்சவரம்பு 15.46 கோடி. யோகிச், மரே, கோர்டன், ஜான்சன் நால்வர் மட்டுமே சுமார் 14.5 கோடி. மீதி ஆட்களை எங்கிருந்து கொண்டுவருவது? இரண்டாம் ஏப்ரான் என்று லீக் வைத்திருக்கும் மொத்தச் சம்பள எல்லைக் கோடு இந்த வருடம் 20.78 கோடியில் நிற்கிறது. அதைத் தாண்டினால் இரண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, டிரேடில் பணம் சேர்த்துக் கொடுக்க முடியாது, ஏழு வருடம் தள்ளி இருக்கும் டிராஃப்ட் உரிமையும் உறைந்துவிடும். நெற்றியில் துப்பாக்கி வைத்த மாதிரிதான்.

இடிமுழக்கம் எழுதியது:

ஓக்லஹோமா ரசிகன் நான், அழைப்பில்லாமல் வந்ததற்கு மன்னிக்கவும். 125-93. போன ப்ளேஆஃபில் நாங்கள் உங்களை வென்ற ஏழாவது ஆட்டம். ஞாபகம் இருக்கிறதா?

கிண்டல் அவ்வளவுதான், இனி விஷயம். பதினைந்தாம்எண் நண்பரே, நீங்கள் நோயைத் தப்பாகக் கணித்திருக்கிறீர்கள். எங்களுக்கு எதிராக நீங்கள் தோற்றது யோகிச் உட்கார்ந்தபோது மட்டும் இல்லை, அவர் களத்தில் இருந்தபோதும்தான். அந்தக் கடைசி ஆட்டத்தில் அலெக்ஸ் கரூஸோவை அவர்மேல் நிறுத்தினோம். யோகிச்சைவிடச் சுமார் அரை அடி குட்டை. அவர் யோகிச்சுக்கு முன்னால் நின்று பந்தே போகாமல் பார்த்துக்கொண்டார், பின்னால் இன்னொரு பெரிய ஆள் காத்திருந்தார். மற்ற மூன்று பேரும் பெயின்டுக்குள் (கூடையடிப் பகுதி) கால் வைத்து நின்றார்கள். யோகிச் அன்று மொத்தம் 9 முறைதான் கூடைக்கு வீசினார்.

ஏன் அப்படி நிற்க முடிந்தது? உங்கள் வெஸ்ட்புரூக்கையும் வாட்சனையும் மூன்று புள்ளிக் கோட்டில் தனியாக விட்டாலும் எங்களுக்குப் பயமில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? லீக்கிலேயே மிகக் குறைவாக மூன்று புள்ளி வீசும் அணிகளில் ஒன்று உங்களுடையது. உங்களுக்கு வலஞ்சூனஸைவிட ஹார்டவேயும் ஜான்சனும்தான் முக்கியம். இதை எதிராளியாகச் சொல்கிறேன்.

பதினைந்தாம்எண் எழுதியது:

எதிராளி என்றாலும் பேச்சில் நியாயம் இருக்கிறது. பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

மறுபாதி இது. அந்த ஏழாவது ஆட்டத்தில் கோர்டன் பின்தொடைத் தசை கிழிந்த நிலையில் ஆடினார். போர்ட்டருக்கு கிளிப்பர்ஸ் தொடரிலேயே தோள் போய்விட்டது, இடது கையைத் தூக்கவே கஷ்டப்பட்டார். யோகிச் ப்ளேஆஃப் முழுக்கச் சுமார் 40 நிமிடம் ஆடினார். கிளிப்பர்ஸோடு ஏழு ஆட்டம், உங்களோடு ஏழு ஆட்டம். நீங்களோ பத்து பேரைச் சுழற்றிச் சுழற்றி இறக்கினீர்கள். கரூஸோ முதுகில் தொங்கியதும் களைத்த மனிதர் மேல்தான்.

எனக்கு ஞாபகம் இருப்பது அந்த இரண்டாவது ஆட்டம். முதல் பாதியிலேயே நீங்கள் 87 புள்ளி. ப்ளேஆஃப் வரலாற்றில் ஒரு பாதியில் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. அதற்கு முந்தைய ஆட்டத்தில் கோர்டனின் கடைசி நொடி மூன்று புள்ளியில் நாம் 121-119 என்று வென்றிருந்தோம். அந்த மகிழ்ச்சி இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

பழையரசிகன் எழுதியது:

எல்லோரும் போர்ட்டரைப் போகட்டும் என்று கை கழுவிவிட்டீர்கள். என் மனது ஒப்பவில்லை.

2.08 மீட்டர் உயரம். யார் கை நீட்டினாலும் அவர் வீச்சுக்கு எட்டாது. போன சீசனில் 18.2 புள்ளி, மூன்று புள்ளியில் 39.5 சதவீதம், 7 ரீபவுண்ட். முதுகில் மூன்று அறுவை சிகிச்சை, டிராஃப்டில் 14-ஆம் இடம் வரை சரிந்தவர், ஒரு காலத்தில் "இவர் முதுகு தாங்காது" என்று இதே மன்றத்தில் ஜோசியம் சொன்னார்கள். கடைசி இரண்டு சீசனில் 81 ஆட்டம், 77 ஆட்டம்.

இனி ஜான்சனைப் பாருங்கள். போன சீசன் 57 ஆட்டம். 2019-இல் லீக்குக்கு வந்ததிலிருந்து ஒரு சீசனில் 66 ஆட்டத்தைத் தாண்டியதே இல்லை. நல்ல ஆட்டக்காரர், மறுக்கவில்லை. ஆனால் களத்தில் இருக்கும் ஆளைக் கொடுத்து பெஞ்சில் கோட் போட்டு உட்காரும் ஆளை வாங்கியதோடு, மேலே ஒரு டிராஃப்ட் உரிமையும் கொடுத்திருக்கிறோம். கணக்குப்பிள்ளை சம்பளத்தைக் கூட்டிக் கழித்தார், ஆட்டத்தைக் கூட்டினாரா?

ஓரப்பார்வை எழுதியது:

பழையரசிகன் ஐயா, ஆட்ட எண்ணிக்கையில் உங்களை மறுக்க முடியாது. ஆனால் ஆட்டத்தின் உள்ளே ஒரு விஷயம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

யோகிச்சை இருவர் சூழும்போது அடுத்து என்ன நடக்கிறது என்று போன ப்ளேஆஃப் காட்சிகளை மறுபடி ஓட்டிப் பாருங்கள். பந்து ஓரத்தில் நிற்கும் ஆளுக்கு வரும். தடுப்பவர் தலைதெறிக்க ஓடி வருவார். அந்த ஒரு நொடியில் மூன்று வழி: வீசலாம், ஏமாற்றி உள்ளே ஓடலாம், அடுத்தவருக்குத் தள்ளலாம். போர்ட்டருக்குத் தெரிந்த வழி முதல் வழி மட்டும். தடுப்பவர் நேரத்துக்கு வந்துவிட்டால் பந்து அங்கேயே நின்றுவிடும். அப்புறம் கடிகாரம் ஐந்து நொடிக்கு வந்ததும் மரே கையில் கொடுத்து "நீயே பார்த்துக்கொள்". ஜான்சன் அப்படி இல்லை. இரண்டு முறை பந்தைத் தட்டி உள்ளே நுழைவார், உதவிக்கு வரும் ஆளைப் பார்ப்பார், மூலைக்குத் தள்ளுவார். போன சீசனில் போர்ட்டருக்கு 2.1 அசிஸ்ட், ஜான்சனுக்கு 3.4. எண் சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஜான்சன் அதை எடுத்தது சுற்றிலும் பெரிய நட்சத்திரம் எவரும் இல்லாத அணியில்.

மூன்று புள்ளியில் அவரும் 39 சதவீதம். ஆக, வீச்சில் பெரிய இழப்பு இல்லை, முடிவெடுப்பதில் ஆதாயம். உயரத்திலும் ரீபவுண்டிலும் இழப்பு. அந்த ரீபவுண்ட் இழப்பை வலஞ்சூனஸ் ஈடுகட்ட முடியாது, ஏனென்றால் இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பது குறைவு. இதை யாரும் பேசுவதில்லை. சின்ன பிரவுனும் கோர்டனும் இந்த வருடம் பலகையடியில் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

பழையரசிகன் எழுதியது:

தம்பி சொல்வது புரிகிறது. ஜனவரியில் ஜான்சன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது இந்த இழையைத் தோண்டி எடுப்பேன்.

மலைக்காற்று எழுதியது:

ஐயா, வாயைக் கழுவுங்கள்!

கணக்குப்பிள்ளை எழுதியது:

புரூஸ் பற்றி ஒரு பின்குறிப்பு. அவர் 2023-இல் ஏன் போனார் என்று இன்னும் சிலர் நிர்வாகத்தைத் திட்டுகிறார்கள். அவர் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்து, இரண்டாம் வருடத்தை உதறிவிட்டு வெளியே வந்தவர். அணியில் ஒரு வருடமே ஆடியவருக்கு முந்தைய சம்பளத்தில் 120 சதவீதம்தான் கொடுக்க விதி இருந்தது, அதாவது சுமார் 78 லட்சம் டாலர். இண்டியானா இரண்டு வருடத்துக்கு 4.5 கோடி கொடுத்தது. யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். அடுத்த வருடம் கால்டுவெல்-போப் ஒர்லாண்டோவுக்குப் போனது வேறு கதை. அது முடிந்திருக்கும், விரும்பவில்லை. அந்த ஒன்றுக்குத்தான் திட்டலாம்.

புரூஸ் அந்த இரண்டு வருடத்தில் இண்டியானா, டொரொன்டோ, நியூ ஆர்லியன்ஸ் என்று சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறார். முழங்காலும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. 2023-இல் ஆடிய புரூஸ் அப்படியே கிடைப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நாலாம்கால் எழுதியது:

ஒரு சந்தேகம். யோகிச், வலஞ்சூனஸ் இருவரையும் சேர்த்தே இறக்கினால் என்ன? இப்போது எல்லா அணியும் இரண்டு பெரியவர்களோடுதானே ஆடுகிறது?

ஓரப்பார்வை எழுதியது:

எல்லா அணியும் இல்லை, ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஹூஸ்டன் போன ப்ளேஆஃபில் செங்குன், ஸ்டீவன் ஆடம்ஸ் இருவரையும் சேர்த்து இறக்கி, பின்னால் ஜோன் தடுப்பாட்டம் (ஆளை விட்டு இடத்தைக் காப்பது) போட்டு கோல்டன் ஸ்டேட்டைத் திணறடித்தது. ஓக்லஹோமாவில் ஹோம்கிரன், ஹார்டன்ஸ்டைன். ஆனால் இந்த இரண்டு ஜோடியையும் நம் ஜோடியோடு ஒப்பிட முடியாது. ஹோம்கிரன் ஓரத்தில் ஓடி ஆளைத் துரத்துவார். நம் இருவரில் யார் ஓரத்துக்குப் போவது? இருவருக்கும் 2.11 மீட்டர் உயரம், இருவருக்கும் கால் மெதுவு. பந்து நான்கு முறை கைமாறினால் மூலையில் ஒருவர் தனியாக நிற்பார்.

தாக்குதலில் சிக்கல் குறைவு. யோகிச் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே வந்து நிற்கலாம், அங்கிருந்தும் பந்து கொடுப்பார். ஹூஸ்டன் மாதிரி பலகையை ஆக்கிரமிக்கும் அணிக்கு எதிராக ஆட்டத்துக்கு ஐந்தாறு நிமிடம் முயலலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் கையைச் சுடும்.

வலஞ்சூனஸ் தனியாக இருக்கும்போதும் இதே கவலை உண்டு. பிக் அண்ட் ரோலில் அவர் பின்வாங்கி நிற்பார், எதிரணி கார்டுகள் நடுத்தூரத்தில் நின்று நிதானமாக வீசுவார்கள். ஆகவே அந்த 11 நிமிடத்துக்கு ஜோன் தடுப்பாட்டம்தான் சரி என்று எனக்குப் படுகிறது. பயிற்சியாளர் டேவிட் ஆடல்மன் ஓக்லஹோமாவுக்கு எதிராகவே அதைத் துணிந்து போட்டார், இரண்டு மூன்று ஆட்டத்தில் அவர்களைக் குழப்பவும் செய்தார். வாட்சனின் நீளமான கைகள் மேலே, வலஞ்சூனஸ் கூடைக்கு அடியில். ஜோனில் ரீபவுண்ட் கோட்டை விடுவார்கள் என்பது பொதுக் குறை. அந்தக் குறைக்கு இவரைவிட நல்ல மருந்து கிடைக்காது.

இடிமுழக்கம் எழுதியது:

ஹார்டன்ஸ்டைன் பெயர் வந்ததால் சொல்கிறேன். அவர் 2020-21 சீசனில் எங்கே இருந்தார் தெரியுமா? டென்வரில். யோகிச்சுக்கு மாற்றாக. அவரையும் கூடவே இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகளையும் கொடுத்து ஜவேல் மெக்கீயை வாங்கினீர்கள். நீங்கள் நான்கு வருடம் தேடிய ஆள் இப்போது எங்கள் மோதிரத்தோடு நடக்கிறார்.

பதினைந்தாம்எண் எழுதியது:

அதை ஞாபகப்படுத்தத்தான் வேண்டுமா? அப்போது அவருக்கு 22 வயது, ஃபவுல் மேல் ஃபவுல் செய்வார் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

புதுவரவு எழுதியது:

வணக்கம், முதல் பதிவு. எளிய கேள்வியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தால் பிரச்சினை என்றால் யோகிச்சை 42 நிமிடம் ஆட வைத்தால் போயிற்றே?

பதினைந்தாம்எண் எழுதியது:

வாருங்கள், எளிய கேள்விதான் இங்கே கடைசியில் பெரிய கேள்வியாக முடியும்.

2024-இல் மினசோட்டாவோடு ஏழாவது ஆட்டம், நம் சொந்த மைதானம். மூன்றாம் காலாண்டில் 20 புள்ளி முன்னிலை. யோகிச் கிட்டத்தட்ட முழு ஆட்டமும் களத்தில் இருந்தார், 34 புள்ளி. மரே 35. தோற்றோம், 98-90. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. நான்காம் காலாண்டில் வீசிய பந்துகள் எல்லாம் வளையத்தின் முன்பக்கம் இடித்தன. கால் போய்விட்டது என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டாம். தாவ முடியாதவன் வீச்சு குட்டையாகத்தான் விழும்.

அவருக்கு இப்போது 30 வயது. கடந்த கோடையில் ஒலிம்பிக், இந்தக் கோடையில் செர்பியாவுக்காக யூரோபாஸ்கெட். பதினாறு அணிகள் மோதும் சுற்றில் ஃபின்லாந்திடம் தோற்று வெளியே வந்ததால் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். செர்பிய நண்பர்கள் மன்னிக்க. அவரை 42 நிமிடம் ஓட்டினால் மார்ச்சில் முதல் இடத்தில் இருப்போம், மே மாதம் வீட்டில் இருப்போம். 34 நிமிடத்துக்கு இறக்க முடிந்தால் அதுதான் வெற்றி. ஆகவே இந்த வருடம் 11 நிமிடத்தைச் சமாளிப்பது போதாது, அதை 14 ஆக்க வேண்டும்.

இன்னொன்று. முந்தைய பயிற்சியாளர் மலோன் காலத்தில் பெரும்பாலும் முதல் காலாண்டும் மூன்றாம் காலாண்டும் முழுக்க ஆடிவிட்டு, இரண்டாவதும் நான்காவதும் தொடங்கும்போது யோகிச் உட்காருவார். ஆறு நிமிடம் தொடர்ச்சியாக. எதிரணிக்கு எந்த நேரத்தில் பாய வேண்டும் என்று மனப்பாடம். அதை மூன்று மூன்று நிமிடமாக உடைத்தால் என்ன? முன்னிலை கரைய நேரம் வேண்டுமே. கரைவதற்குள் அவர் திரும்பி வந்துவிடலாம்.

நாலாம்கால் எழுதியது:

அப்படி உடைத்தால் அவருக்கு உடம்பு சூடு ஆறிவிடாதா? பெரிய உடம்பு, நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் இன்னும் களைக்கும். இது யோகிச் விருப்பமாகவே இருக்கலாம்.

பதினைந்தாம்எண் எழுதியது:

அதை நான் யோசிக்கவில்லை. இருக்கலாம்.

பழையரசிகன் எழுதியது:

பயிற்சியாளர் பேச்சு வந்துவிட்டதால் நானும் கொஞ்சம். மலோனையும் பொது மேலாளர் கால்வின் பூத்தையும் ஒரே நாளில், சீசனில் மூன்று ஆட்டம் மிச்சம் இருக்கும்போது அனுப்பியது எனக்கு இன்னும் ஜீரணிக்கவில்லை. மலோன் அணி வரலாற்றிலேயே அதிக வெற்றி கண்டவர். இளைஞர்களுக்கு நிமிடம் கொடு என்று பூத், அனுபவசாலி வேண்டும் என்று மலோன். மாமியார் மருமகள் சண்டையில் வீடே இரண்டுபட்டிருந்தது. சரி, முடிந்த கதை.

ஆடல்மன் மேல் எனக்கு ஆவல் இருப்பதற்குக் காரணம் அவர் அப்பா. ரிக் ஆடல்மன் சாக்ரமென்டோவில் நடத்திய ஆட்டத்தை நேரில் ரசித்த தலைமுறை நான். விளாடே டிவாச், கிறிஸ் வெப்பர். இரண்டு பெரியவர்களும் எல்போவில் நின்று பந்து கொடுப்பார்கள், சின்னவர்கள் சுற்றிச் சுற்றி வெட்டுவார்கள். 2002-இல் லேக்கர்ஸோடு ஏழாவது ஆட்டம் வரை போனார்கள். டிவாச்சும் செர்பியர் என்பது தற்செயல்தான், ஆனாலும் பார்க்க நன்றாக இருக்கிறது.

அப்பாவுக்கு இருந்த வசதி மகனுக்கு இல்லை. டிவாச் உட்கார்ந்தால் வெப்பர் அதே வேலையைச் செய்வார். பின்னால் பிராட் மில்லர் வந்தபோதும் அப்படித்தான். உட்கார்ந்தாலும் எழுந்தாலும் ஆட்டம் மாறாது. வலஞ்சூனஸ் கையில் அப்படி ஒரு பாஸ் கிடையாது. ஆகவே பதினைந்தாம்எண் சொல்வதுபோல் வேறு ஆட்டம் ஆடித்தான் தீர வேண்டும். ஆனால் பத்து பேரும் இரண்டு விதமான ஆட்டத்தைப் பழக வேண்டும் என்பது அக்டோபரில் சொல்ல எளிது.

மலைக்காற்று எழுதியது:

எனக்கு வலஞ்சூனஸ் மனசு இங்கே இருக்குமா என்பதுதான் பயம். கோடையில் கிரீஸ் நாட்டு பனத்தினாய்கோஸ் கிளப்புக்குப் போகப் போகிறார் என்று ஒரே பேச்சாக இருந்தது. நாம் விடவில்லை என்பதால் வந்தார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

2012-லிருந்து லீக்கில் இருக்கும் தொழில்முறை ஆட்டக்காரர், சம்பளம் ஒரு கோடி டாலர். மனசு வந்து சேரும்.

எனக்கு இருக்கும் பயம் வேறு. சின்ன பிரவுன், வாட்சன் இருவருக்கும் ஒப்பந்த நீட்டிப்புக்குக் கடைசி நாள் சீசன் தொடங்குவதற்கு முன்தினம். இருவரும் 2022 டிராஃப்ட், 21-ஆம் இடம், 30-ஆம் இடம். சின்ன பிரவுன் போன வருடம் 15.4 புள்ளி எடுத்து விலையை ஏற்றிவிட்டார். இருவரையும் வைத்துக்கொள்ளக் காசு இல்லை. என்னைக் கேட்டால் சின்னவருக்குக் கொடுத்துவிட்டு வாட்சனை ஒரு வருடம் ஆட விட்டுப் பார்ப்பேன். யோகிச்சும் இந்தக் கோடையில் நீட்டிப்பில் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வருடம் போட்டால் தொகை கூடும் என்பதுதான் காரணம், பதற வேண்டாம். கொஞ்சம் பதறலாம்.

ஓரப்பார்வை எழுதியது:

வாட்சனுக்குத்தான் நான் கொடுப்பேன். சின்ன பிரவுன் எடுக்கும் புள்ளிகளில் பெரும்பகுதி வேகமான ஓட்டத்தில் யோகிச் தூக்கிப் போடும் நீளப் பாஸில் வருவது. ஓடுகிறார், அதற்குப் பாராட்டு. ஆனால் 2.03 மீட்டர் உயரத்தில் பின்னாலிருந்து துரத்தி வந்து வீச்சைத் தட்டிவிடும் ஆளைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் எங்கே தேடுவீர்கள்?

இடிமுழக்கம் எழுதியது:

வாட்சனை மூன்று புள்ளிக் கோட்டில் தொடர்ந்து தனியாக விடுவோம். நீங்களே முடிவு செய்யுங்கள்.

அப்புறம், மேற்கில் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஹூஸ்டனுக்கு டுராண்ட் வந்திருக்கிறார், ஆனால் வான்வ்லீட் முழங்கால் போனதால் பந்து கொண்டுவர ஆள் இல்லை. லூக்கா முழு சீசனும் லேக்கர்ஸில். கிளிப்பர்ஸ் வயதானவர்கள், ஆனால் நீளமான பெஞ்ச். 2018-க்குப் பிறகு எவரும் கோப்பையைத் தக்கவைக்கவில்லை, ஏழு வருடத்தில் ஏழு அணிகள் என்று எனக்கே தெரியும், அதனால் யாரும் எடுத்துக்காட்ட வேண்டாம்.

நாலாம்கால் எழுதியது:

வெஸ்ட்புரூக் போனது நல்லதா கெட்டதா என்று யாருமே சொல்லவில்லையே. மாற்று பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) யார்?

பதினைந்தாம்எண் எழுதியது:

வழக்கமான பதில்: புரூஸ் பாதி, பிக்கெட் பாதி. என் பதில்: மரே. அவரை யோகிச்சோடு சேர்ந்து உட்கார வைக்கவே கூடாது. யோகிச் களத்தில் இருந்தால் அவரே பாயிண்ட் கார்டு, மரே இல்லாமல் நான்கு நிமிடம் ஓடும். யோகிச் உட்கார்ந்தால் மரே, புரூஸ், ஹார்டவே, வாட்சன், வலஞ்சூனஸ். அல்லது வேகம் வேண்டுமென்றால் வலஞ்சூனஸ் இடத்தில் கோர்டன். ஆனால் கோர்டன் போன வருடம் 51 ஆட்டம்தான் ஆடினார், கெண்டைக்கால் அடிக்கடி பிடித்தது. பெரிய சென்டர்களோடு அவரைத் தினமும் மோத விட்டால் ஏப்ரலில் ஆள் இருக்கமாட்டார். அவரை ப்ளேஆஃபுக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

வெஸ்ட்புரூக் பற்றி: சில ஆட்டங்களை அவரே வென்று கொடுத்தார், சில ஆட்டங்களை அவரே கொடுத்துவிட்டார். எந்த நாள் எது என்று அவருக்கே தெரியாது. நன்றியோடு விடைகொடுத்தாயிற்று.

ஆக மொத்தம் பொறுப்பு மரே தலையில். இந்த வருடம் 4.6 கோடி டாலர், 2025 வரை ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானதில்லை. ஒவ்வொரு வருடமும் டிசம்பர் வரை துருப்பிடித்து ஆடுவார். யோகிச் இல்லாத நேரத்தில் அணியைத் தனியாக நடத்தும் மரேயை மே மாதம் பார்த்திருக்கிறோம், நவம்பரில் பார்த்ததில்லை. வலஞ்சூனஸோடு பிக் அண்ட் ரோல் பழகவும் இவர்தான் வேண்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பேசியது போதும். அக்டோபர் 23-ஆம் தேதி கோல்டன் ஸ்டேட்டில் முதல் ஆட்டம். முதல் பத்து ஆட்டத்துக்கு யோகிச் உட்கார்ந்த நிமிடங்களில் நாம் எடுத்த புள்ளி, விட்ட புள்ளி இரண்டையும் இங்கேயே பதிவேன். மைனஸ் 20-க்குள் இருந்தால் பதினைந்தாம்எண் கட்சி வென்றது. அதற்கு மேல் போனால் அவர் தன் பெயரை ஒரு மாதத்துக்கு "இடிமுழக்கம் ரசிகன்" என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

இடிமுழக்கம் எழுதியது:

இந்தப் பந்தயத்துக்கு நானே சாட்சி.

பதினைந்தாம்எண் எழுதியது:

மைனஸ் 20 என்பது தாராளம். 10 என்று வையுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பழையரசிகன் எழுதியது:

கணக்குப்பிள்ளை, அப்படியே ஓர் ஓரமாக ஜான்சன் எத்தனை ஆட்டம், போர்ட்டர் எத்தனை ஆட்டம் என்றும் ஒரு கோடு போட்டு வையுங்கள்.